மதர் ஜோன்ஸ் இதழும், புலனாய்வுக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வியும்

செண்பகனூர் வாசகர் எழுதியது:

வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் அமெரிக்காவின் 'மதர் ஜோன்ஸ்' இதழைப் பற்றிப் பேசுவதென முடிவாகியிருக்கிறது. மேல்மலை, கீழ்மலை நண்பர்கள் பலர் கொடைக்கானலுக்கு வந்து திரும்புவது கடினம் என்பதால், அவர்களும் கலந்துகொள்ளும் பொருட்டு விவாதத்தை இங்கேயே தொடங்கிவைக்கிறேன்.

1976-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட இவ்விதழ், தன் முற்போக்குச் சார்பை ஒருபோதும் மறைத்ததில்லை. ஆடம் ஹாக்ஷைல்ட், பால் ஜேக்கப்ஸ், ரிச்சர்ட் பார்க்கர் முதலியோர் இதன் நிறுவனர்கள். இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்று நடத்துவதால் இதற்கு முதலாளி என்று தனியொருவர் கிடையாது. வருவாயின் பெரும்பகுதி வாசகர்களின் நன்கொடையாகவும் சந்தாவாகவும் வருகிறது. 1977 முதல் இயங்கிவந்த புலனாய்வு இதழியல் மையத்துடன் 2024-இல் இணைந்துவிட்டது.

நிறுவனர்களில் ஜேக்கப்ஸ் பற்றி மட்டும் ஒரு சொல். நெவாடா பாலைவனத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சு சுற்றுப்புற மக்களை என்ன செய்தது என்று 1950களிலேயே அங்கே போய் விசாரித்து எழுதியவர் அவர். 1978-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அந்த விசாரணையின்போது பட்ட கதிர்வீச்சே காரணம் என்று அவர் நம்பினார்.

நான் முன்வைக்க விரும்பும் கேள்விகள் இரண்டு. சார்பை அறிவித்துக்கொண்ட ஓர் இதழின் புலனாய்வை எந்த அளவுக்கு நம்பலாம்? அத்தகைய இதழ் ஐம்பது ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது என்றால் அதன் செலவை யார் ஏற்கிறார்கள், நம் ஊரில் யார் ஏற்பார்கள்?

பண்ணைக்காடு டீச்சர் எழுதியது:

கேள்விகளுக்குப் போவதற்கு முன், அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். மேரி ஹாரிஸ் ஜோன்ஸ் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். 1867-இல் மெம்ஃபிஸ் நகரைத் தாக்கிய மஞ்சள் காய்ச்சலில் கணவரையும் நான்கு குழந்தைகளையும் பறிகொடுத்தார். சிகாகோவுக்குப் போய்த் தையல் தொழில் செய்து பிழைத்தார். 1871-ஆம் ஆண்டின் பெருந்தீயில் அந்தக் கடையும் சாம்பலாயிற்று. அதன்பின் வாழ்நாளெல்லாம் தொழிலாளர் போராட்டங்கள்தான், குறிப்பாக நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக. வெள்ளைத் தலைமுடியும் கறுப்பு உடையுமாக வந்து நிற்கும் அந்தப் பாட்டியை அரசு வழக்கறிஞர் ஒருவர் அமெரிக்காவிலேயே மிக ஆபத்தான பெண்மணி என்று நீதிமன்றத்தில் குறிப்பிட்டதாகச் சொல்வார்கள்.

1903-இல் ஃபிலடெல்ஃபியாவின் துணி ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அங்கே வேலை செய்த சிறுவர் சிறுமியரில் பலருக்கு இயந்திரத்தில் சிக்கி விரல்கள் போயிருந்தன. பத்திரிகைகள் இதை ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்டபோது, ஆலை உரிமையாளர்கள் பத்திரிகைகளில் பங்குதாரர்களாக இருக்கிறார்கள் என்று பதில் கிடைத்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். எழுதமாட்டார்களென்றால் எழுதியே ஆக வேண்டிய ஒன்றை நடத்திக்காட்டுவோம் என்று, அந்தக் குழந்தைகளையே அழைத்துக்கொண்டு அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் கோடைகால வீடு இருந்த ஆய்ஸ்டர் பே வரை நடந்தார். அதிபர் சந்திக்க மறுத்துவிட்டார். ஆனால் வழிநெடுக இருந்த ஊர்களின் பத்திரிகைகளால் அதை மறுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முற்போக்கு இதழொன்றின் பெயரில் வாழும் இந்த அம்மையார் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தை ஆதரித்தவர் அல்லர். வாக்கு இல்லாமலேயே போராட முடியும் என்பது அவர் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருந்தாலும், குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும்போது தலைவர்களைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் காட்டுவதைவிட இப்படிச் சொல்வதே நல்லது.

மூஞ்சிக்கல்காரர் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். எனக்கு இவ்விதழ் முக்கியமாவது 1979 நவம்பர் இதழால். அமெரிக்காவில் தடைசெய்யப்பட்ட அல்லது ஆபத்தானதெனத் திரும்பப் பெறப்பட்ட பொருள்களை ஏழை நாடுகளில் கொண்டுபோய்த் தள்ளும் வணிகத்தைப் பற்றி அதில் விரிவாக எழுதினார்கள். பூச்சிமருந்துகள், தீப்பிடிக்காமல் இருக்க நச்சு வேதிப்பொருள் ஏற்றப்பட்ட குழந்தை உடைகள், பல பெண்களுக்குக் கடும் தொற்றை உண்டாக்கிய டால்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. டால்கன் ஷீல்டைக் கிருமிநீக்கம் செய்யாமலேயே மொத்தமாகத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்து, அமெரிக்க அரசின் உதவித் திட்டம் வழியாகவே வெளிநாடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். இத்தகைய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஆணையில் 1981 ஜனவரி 15 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். ரீகன் பதவியேற்று, பிப்ரவரி 17 அன்றே அதை நீக்கிவிட்டார்.

இந்தத் தேதிகளை ஏன் சொல்கிறேன் என்று கொடைக்கானல்காரர்களுக்குப் புரியும். அதே 1980களின் தொடக்கத்தில்தான் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் ஓடிக்கொண்டிருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை மூட்டைகட்டிக்கொண்டு கொடைக்கானலின் பாம்பார் சோலைக் காட்டுக்கு மேலே வந்து இறங்கியது. தடைசெய்யப்பட்ட பொருளை விற்பதும் ஓர் ஆலையை இடம்மாற்றுவதும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆயினும் எந்த ஊர் எதைத் தாங்கிக்கொள்ளும் என்று அங்கே உட்கார்ந்து முடிவுசெய்யும் மனப்பாங்கு ஒன்றுதான்.

2001 மார்ச்சில் எங்கள் பகுதிப் பழைய இரும்புக் கடையில் அந்த ஆலையின் கழிவு பிடிபட்டது இன்றும் நினைவிருக்கிறது. சாக்குகளில் நொறுங்கிய கண்ணாடிக் குழாய்கள்; குனிந்து பார்த்தால் அவற்றுக்கு இடையே பாதரசம் கடுகு கடுகாக உருண்டு கிடந்தது. அது என்ன என்று தெரியாத பிள்ளைகள் அந்த வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். எங்கள் தெருவில் இருந்த அண்ணன் ஒருவர் அந்த ஆலையில் வேலை செய்தார். வேலைக்குப் போட்ட உடுப்போடேயே வீட்டுக்கு வருவார், அண்ணி அதை மற்றத் துணிகளோடு சேர்த்துத்தான் துவைப்பார். எச்சரிக்கை என்று யாரும் எதுவும் சொன்னதில்லை.

கழிவைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தவர்கள் தொழிலாளர்கள், ஊர் மக்கள், பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தினர், கிரீன்பீஸ் அமைப்பினர். செய்தியாளர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள், நன்றாகவும் எழுதினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அது போய்ச் சேர்ந்தது டீச்சர் சொன்ன அந்தக் குழந்தைகளின் பென்சில்வேனியா மாநிலத்துக்குத்தான். அதன்பின் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஆலையின் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில். மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாகச் சொன்னார்களே தவிர, உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் இந்தச் செய்தியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இதழ் ஒன்றைக் காட்டுங்கள் என்றால் நான் திணறிப்போவேன். தனி ஆட்கள் இருந்தார்கள், ஓர் இதழ் இல்லை.

தாண்டிக்குடி காபித்தோட்டம் எழுதியது:

நண்பரின் ஆதங்கத்தை மதிக்கிறேன். ஆனால் முதற்கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். இவ்விதழின் புகழுக்கு அடித்தளமே 1977-இல் மார்க் டவி எழுதிய ஃபோர்டு பின்டோ கார் பற்றிய கட்டுரை. பின்னாலிருந்து மோதினால் பெட்ரோல் தொட்டி உடைந்து தீப்பிடிக்கும் என்று தெரிந்தே அந்தக் காரை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. குறைந்தது 500 பேர் எரிந்து இறந்ததாக அதில் எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் தேடிப்பார்த்தபோது உறுதிப்பட்டவை 27 இறப்புகள். 500 எங்கே, 27 எங்கே? மேலும், அந்தக் கட்டுரை ஆதாரமாகக் காட்டிய, உயிரின் விலையைக் கணக்குப்போட்டதாகச் சொல்லப்படும் ஃபோர்டு நிறுவனக் குறிப்பு பின்டோவுக்காக எழுதப்பட்டதே அன்று. கார் கவிழும்போது எரிபொருள் கசிவதைப் பற்றி, அமெரிக்காவில் விற்கும் எல்லா வாகனங்களையும் கணக்கில்கொண்டு, அரசுக்குச் சமர்ப்பிக்க எழுதப்பட்டது. 1980-இல் இண்டியானாவில் நடந்த குற்ற வழக்கில் நிறுவனம் விடுதலையும் பெற்றது. சார்புள்ள இதழ் தனக்குப் பிடித்த முடிவை நோக்கிக் கணக்கை நீட்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

செண்பகனூர் வாசகர் எழுதியது:

நீங்கள் சொன்ன தகவல்கள் சரியானவை, அவற்றைக் கூட்டத்திலும் வைக்க வேண்டும். எனினும் அந்தக் குறிப்பை வாசகர்கள் ஒருமுறை எண்களோடு பார்க்கட்டும். 180 இறப்புகள், ஆளுக்கு 2 லட்சம் டாலர். 180 கடும் தீக்காயங்கள், ஆளுக்கு 67,000 டாலர். எரிந்துபோகும் 2,100 வண்டிகள், வண்டிக்கு 700 டாலர். ஆக மொத்தம் 4 கோடியே 95 லட்சம் டாலர். மறுபக்கத்தில், வண்டிக்கு 11 டாலர் வீதம் 1 கோடியே 25 லட்சம் வண்டிகளைத் திருத்த ஏறத்தாழ 13 கோடியே 70 லட்சம் டாலர். ஆகவே திருத்துவது கட்டுப்படியாகாது. ஓர் உயிருக்கு 2 லட்சம் என்ற எண்ணைக்கூட ஃபோர்டு தானாகப் போடவில்லை, அரசுத் துறை வகுத்த மதிப்பையே எடுத்துக்கொண்டது. எனக்கு அது நிறுவனத்துக்குச் சாதகமான செய்தியாகப் படவில்லை. அரசையும் சேர்த்துக் கேள்விகேட்க வைக்கும் செய்தியாகவே படுகிறது.

இறப்பு எண்ணிக்கை மதிப்பீடு; குறிப்பு ஆவணம். மதிப்பீடு பிழைபடலாம், அதை நீங்கள் இன்று சுட்டிக்காட்ட முடிவதே ஆவணங்கள் வெளியே வந்ததால்தான். 27 பேர் என்று கண்ட அதே விசாரணையைத் தொடர்ந்துதான் 1978-இல் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. எந்த இதழாக இருந்தாலும் நான் பார்ப்பது, அது எந்தக் கட்சி என்பதற்கு முன்னால், தன் ஆதாரத்தை எதிராளியும் எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்கிறதா என்பதைத்தான்.

பெருமாள்மலை வக்கீல் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அது என் தொழிலுக்கு நெருக்கமானது. ஓர் இதழை வழக்கில் தோற்கடித்துத்தான் ஒழிக்க வேண்டும் என்பதில்லை, வெல்லவிட்டும் ஒழிக்கலாம்.

2012-இல் ஐடஹோ மாநிலக் கோடீஸ்வரர் ஃபிராங்க் வாண்டர்ஸ்லூட் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னியின் தேர்தலுக்குப் பெரும் பணம் கொடுத்தவர் என்பது பற்றியும், தற்பால் ஈர்ப்பாளர் உரிமைகள் தொடர்பான அவருடைய கடந்தகாலச் செயல்பாடுகள் பற்றியும் மதர் ஜோன்ஸ் எழுதியது. அடுத்த ஆண்டு அவர் அவதூறு வழக்குப் போட்டார். கேட்ட இழப்பீடு 74,999 டாலர். 75,000 டாலரைத் தாண்டினால்தான் இத்தகைய வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். ஒரு டாலர் குறைத்ததால் வழக்கு அவர் ஊர் நீதிமன்றத்திலேயே நின்றது. (தொழில்முறையில் சொன்னால், அந்த ஒரு டாலரை யோசித்த வக்கீலுக்குத் தனியாக வணக்கம் வைக்க வேண்டும்.) பேச்சுரிமையை முடக்கப் போடப்படும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும் சட்டம் பல அமெரிக்க மாநிலங்களில் உண்டு, ஐடஹோவில் அப்போது இல்லை. 2015 அக்டோபரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார், இதழின் நடையைக் கடிந்துகொண்டே தள்ளுபடி செய்தார். இதழுக்கும் அதன் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆன செலவு சுமார் 25 லட்சம் டாலர். அதில் ஏறத்தாழ 6.5 லட்சத்தை இதழே தன் கையிலிருந்து கட்டியது. அதன்பின் அவர், இத்தகைய இதழ்களின்மேல் வழக்குப்போட விரும்புவோருக்கு உதவ 10 லட்சம் டாலர் நிதி ஒதுக்குவதாகவும் அறிவித்தார்.

இங்கே நிலைமை இன்னும் நெருக்கமானது. நம் நாட்டில் அவதூறு உரிமையியல் தவறு மட்டுமன்று, குற்றமும்கூட. எழுதியது உண்மை என்று மெய்ப்பித்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதியது என்றும் காட்ட வேண்டும். அந்தச் சட்டம் செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1987-இல் அட்டைப்படத்தில் வெளியிட்ட ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சட்டமன்றமே சிறைக்கு அனுப்பியது நமக்குத் தெரியும். எதிர்ப்பு எழுந்ததும் விடுவித்தார்கள், பின்னர் உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. விகடன் பெரிய நிறுவனம், தாங்கிக்கொண்டது. திண்டுக்கல்லிலோ பழனியிலோ நான்கு பக்கம் அச்சடிக்கும் சிற்றிதழ் நடத்துபவர் வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏறியே ஓய்ந்துபோவார்.

கூக்கால் மேல்மலை எழுதியது:

வக்கீல் சார் சொன்னது வழக்குச் செலவு. எழுதும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷேன் பாவர் என்ற செய்தியாளர் லூசியானாவில் தனியார் நிறுவனம் நடத்திய வின் சிறைச்சாலையில், மணிக்கு 9 டாலர் சம்பளத்தில், சொந்தப் பெயரிலேயே காவலராகச் சேர்ந்தார். ஒலிப்பதிவு செய்யும் பேனா ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் வேலை பார்த்தார். அதற்கு முன் ஈரானியச் சிறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்தவர் அவர் என்பதால், கம்பியின் இரண்டு பக்கமும் அவருக்குத் தெரியும். கட்டுரை 2016 ஜூனில் வெளிவந்தது. ஆகஸ்டிலேயே, கூட்டாட்சி அரசு தனியார் சிறைகளைப் படிப்படியாகக் கைவிடும் என்று அதன் நீதி அமைச்சகம் அறிவித்தது. அடுத்த ஆண்டு புதிய ஆட்சி அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

அந்த ஒரு கட்டுரைக்கு ஆன செலவு சுமார் 3.5 லட்சம் டாலர் என்றும், அதன் பக்கத்தில் வந்த விளம்பரங்களால் கிடைத்தது 5,000 டாலர் என்றும் இதழின் ஆசிரியர்களே வெளிப்படையாக எழுதி வாசகர்களிடம் பணம் கேட்டார்கள். கணக்கைக் காட்டிக் கேட்டதால் கொடுத்தார்கள். நம் வட்டத்துக்கு ஆண்டுச் சந்தா கேட்டுப் போனாலே தேநீர் வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுகிற ஊர் நம் ஊர்.

தாண்டிக்குடி காபித்தோட்டம் எழுதியது:

வாசகர் பணம், வாசகர் பணம் என்கிறீர்கள். சுரங்கத் தொழிலாளர்களின் தாயின் பெயரைச் சூடிய இந்த இதழின் தொடக்க காலத்தைத் தாங்கியதில் ஹாக்ஷைல்டின் குடும்பச் செல்வத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் குடும்பமோ ஆப்பிரிக்கச் செப்புச் சுரங்கங்கள் வரை கை நீண்ட உலோக நிறுவனத்தின் குடும்பம். அவரே இதை மறைத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1986-இல் மைக்கேல் மூரை ஆசிரியராகக் கொண்டுவந்து சில மாதங்களிலேயே வெளியேற்றினார்கள். நிகரகுவாவின் இடதுசாரி சாண்டினிஸ்டா அரசை விமர்சிக்கும் கட்டுரையை வெளியிட அவர் மறுத்தது காரணங்களில் ஒன்று என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. வழக்குப் போட்டு 58,000 டாலர் பெற்றுக்கொண்டு போனார். அந்தப் பணம் அவருடைய முதல் ஆவணப்படத்துக்கு உதவியது என்பது வேறு கதை. தொழிலாளர் உரிமை பேசும் இடத்திலும் வேலைநீக்க வழக்கு உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்காடு டீச்சர் எழுதியது:

குறித்துக்கொண்டோம் சார். சாண்டினிஸ்டாக்களை விமர்சிக்கும் கட்டுரையை வெளியிட வேண்டும் என்று நின்றது இதழின் நிர்வாகம் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். தனக்குப் பிடித்த முடிவை நோக்கியே கணக்கை நீட்டும் இதழ் அதைச் செய்திருக்குமா?

மூஞ்சிக்கல்காரர் எழுதியது:

நான் ஒன்று கேட்கிறேன். ஆலை இருந்த இடத்தின் மண்ணில், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற வரம்பை வைத்துத்தான் சுத்திகரிப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். சோலைக்கு மேலே உள்ள நிலத்துக்கு அது போதாது என்று சூழலியலாளர்கள் வாதாடினார்கள். பாம்பாற்றுத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கீழ்மலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் எந்தெந்த ஆய்வறிக்கைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கின்றன, அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படிக்க நமக்கு ஓர் இடம் வேண்டாமா? லட்சக்கணக்கான டாலர் நம்மிடம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய்.

பெருமாள்மலை வக்கீல் எழுதியது:

மனுவை நான் எழுதித் தருகிறேன். பதில் தர முப்பது நாள் கெடு. கொடுக்காவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீடு, அதற்குப் பின் மாநிலத் தகவல் ஆணையம். ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்காமல், ஆண்டும் ஆவணத்தின் வகையும் குறிப்பிட்டுத் தனித்தனி மனுவாகப் போட வேண்டும். அரசு ஆவணத்தில் உள்ளதை உள்ளபடி வெளியிடுவது வரை ஆபத்து குறைவு. அதற்குமேல் நாம் சேர்க்கும் ஒவ்வொரு பெயரடையையும் வெளியிடும் முன் எனக்குக் காட்டுங்கள்.

தாண்டிக்குடி காபித்தோட்டம் எழுதியது:

நகல் செலவில் பாதியை நான் ஏற்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. வரவு செலவுக் கணக்கு இந்த இழையிலேயே மாதந்தோறும் வர வேண்டும். ஆவணத்தைப் பற்றி எதை எழுதினாலும், வெளியிடும் முன் நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் தரும் பதிலை வெட்டாமல் அதே பக்கத்தில் போட வேண்டும்.

மூஞ்சிக்கல்காரர் எழுதியது:

முதல் நிபந்தனை சரி. இரண்டாவதில், பதிலுக்குக் கெடு வைக்க வேண்டும். பதினைந்து நாள் கொடுப்போம், வராவிட்டால் வரவில்லை என்று போடுவோம்.

தாண்டிக்குடி காபித்தோட்டம் எழுதியது:

இருபது நாள்.

செண்பகனூர் வாசகர் எழுதியது:

இருபது நாளே இருக்கட்டும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் மனுவுக்கான 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.